லென்ஸ் ஸ்டிக்கர் இல்லையென்றால் அறுவையே நடக்கவில்லையா?

அரசுக் காப்பீட்டில் குழந்தைகளின் கண் அறுவைக்கான பேக்கேஜ்களை வகுக்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

குழந்தைக்குக் கண்புரை அறுவை செய்தால், உள்ளே வைத்த செயற்கை லென்ஸின் பெட்டியோடு வரும் ஸ்டிக்கரைக் கோப்பில் ஒட்ட வேண்டும், ஒட்டாவிட்டால் கிளெய்ம் கிடையாது என்கிறீர்கள். அதே கண்ணில் ஓராண்டுக்குள் இன்னொரு அறுவை செய்தால், ஏற்கெனவே பணம் கொடுத்தாயிற்று என்று திருப்பி அனுப்புகிறீர்கள். இந்த இரண்டு விதிகளும் பிறவிக் கண் கோளாறோடு வரும் குழந்தைகளுக்கு நேரடியாகத் தீங்கு செய்கின்றன. அதனால்தான் இதைப் பொதுவெளியில் எழுதுகிறோம்.

ஸ்டிக்கர் விதி ஏன் வந்தது என்பது எங்களுக்குத் தெரியும். பெரியவர்களின் புரை அறுவையில், செய்யாத அறுவைக்குப் பணம் கேட்பதைத் தடுக்க அது எளிய வழி. அறுபது வயதுக்காரரின் கண்ணில் புரையை எடுத்தால் லென்ஸ் வைப்பதுதான் வழக்கம். வைக்காமல் விட்டால் காரணம் கேட்பது நியாயம். பிறந்து ஆறு வாரமான குழந்தையின் கண்ணில் கணக்கு வேறு. அங்கே லென்ஸ் வைக்காமல் அறுவையை முடிப்பது பல சமயம் சரியான சிகிச்சை. உங்கள் படிவத்தில் அதைக் குறிக்க ஒரு கட்டம்கூட இல்லை.

அளவுகளைப் பாருங்கள். பிறந்த குழந்தையின் கண் முன்னிருந்து பின்வரை சுமார் 17 மி.மீ. நீளம். வளர்ந்தவருக்கு 23 முதல் 24 மி.மீ. இந்த வளர்ச்சியில் பெரும்பங்கு முதல் இரண்டு ஆண்டுகளில் நடந்துவிடும். பிறக்கும்போது 50 டயாப்டரை (பவரின் அலகு) தாண்டி நிற்கும் கருவிழியின் (கண்ணின் முன்புறத் தெளிந்த படலம்) வளைவுத் திறன் பின்னர் 43, 44க்கு இறங்கிவிடும். பிறந்த குழந்தையின் இயற்கை லென்ஸ் 6 மி.மீ. சொச்சம் விட்டம். சந்தையில் கிடைக்கும் செயற்கை லென்ஸோ கால்களோடு சேர்த்து 12.5 முதல் 13 மி.மீ. பெரியவரின் லென்ஸ் பைக்கென்று (இயற்கை லென்ஸைச் சூழ்ந்த மெல்லிய உறை) செய்யப்பட்ட பொருளை அந்தச் சின்னப் பைக்குள் மடக்கி வைக்கிறோம். சாதாரணக் கண்ணிலேயே இது எளிதல்ல. கண்ணே சிறுத்துப் பிறந்த குழந்தையிடம் சில சமயம் இது முடியாத காரியம்.

பவர் கணக்கும் அப்படித்தான். இன்றைக்குத் தெளிவாகத் தெரியும்படி லென்ஸ் பொருத்தினால், இரண்டு வயதில் அந்தக் கண் கடுமையான கிட்டப்பார்வைக்குப் போய்விடும். வளரும் பிள்ளைக்குச் சட்டை தைப்பதுபோல், வேண்டுமென்றே குறைத்துத்தான் வைக்க வேண்டும். நான்கு முதல் ஆறு வாரக் குழந்தைக்கு 8 டயாப்டர், அதற்கு மேல் ஆறு மாதம் வரை 6 டயாப்டர் மீதம் விடுவது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. அந்த மீதத்தை அன்றிலிருந்தே கண்ணாடியாலோ காண்டாக்ட் லென்ஸாலோ நிரப்ப வேண்டும். ஆக, லென்ஸ் வைத்த குழந்தைக்கும் கண்ணாடி உண்டு. "லென்ஸ் வைத்த பிறகு கண்ணாடி எதற்கு?" என்று கேள்வி எழுதிக் கோப்பைத் திருப்பி அனுப்புகிறவர்களுக்கு இதுதான் பதில்.

சான்று கேட்பீர்கள். அமெரிக்காவில் ஒரு கண்ணில் மட்டும் பிறவிப் புரை இருந்த 114 கைக்குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, பாதிப்பேருக்கு லென்ஸ் வைத்தார்கள், மீதிப்பேருக்கு லென்ஸ் வைக்காமல் காண்டாக்ட் லென்ஸ் கொடுத்தார்கள். ஐ.ஏ.டி.எஸ். என்ற அந்த ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2014இல் வந்தது. இரு பிரிவிலும் பார்வை ஒரே அளவு. கண்ணுக்குள் மறுபடி அறுவை தேவைப்பட்டது லென்ஸ் வைத்தவர்களில் 72 சதவீதம் பேருக்கு, வைக்காதவர்களில் 21 சதவீதம் பேருக்கு. கண் அழுத்த நோயையும் லென்ஸ் தடுக்கவில்லை. பத்தாண்டு முடிவில் ஐந்தில் ஒரு குழந்தைக்கு மேல் அந்த நோய் வந்திருந்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: கருவிழி 9 மி.மீ.க்குக் குறைவாக இருந்த குழந்தைகளை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. இந்த எண்கள் ஓரளவு நல்ல கண்களின் எண்கள்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறோம். அகமதாபாத்தில் இரு கண்ணிலும் புரை இருந்த, இரண்டு வயதுக்குட்பட்ட 60 குழந்தைகளை ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வில், லென்ஸ் வைத்த பிரிவுக்குப் பெரிய பாதகம் தெரியவில்லை, பார்வை சீக்கிரம் தேறியது. லென்ஸே வைக்கக்கூடாது என்பது எங்கள் வாதமல்ல. அமெரிக்க ஆய்வுக் குழுவும் ஒரு விலக்கு வைத்தது: காண்டாக்ட் லென்ஸின் செலவையும் பராமரிப்பையும் குடும்பத்தால் தாங்க முடியாது, குழந்தை பல நாள் எந்த லென்ஸும் இல்லாமல் இருந்துவிடும் என்றால், கண்ணுக்குள் வைப்பதே மேல். நம் ஊர்ப் பெற்றோரில் பலர் இந்த விலக்குக்குள் வருகிறார்கள், ஏனென்றால் காண்டாக்ட் லென்ஸுக்கு உங்கள் திட்டத்தில் ஒரு ரூபாயும் இல்லை. வெளியே போடும் லென்ஸுக்கும் பணம் இல்லை, உள்ளே வைக்காமல் விட்டால் அறுவைக்கும் பணம் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், எந்தக் குழந்தைக்கு லென்ஸ் வைப்பது என்ற முடிவை மருத்துவர் எடுக்கவில்லை, உங்கள் பட்டியல் எடுக்கிறது.

இனி சிக்கலான கண்களுக்கு வருகிறோம்.

பி.எஃப்.வி. என்று நாங்கள் சொல்லும் கோளாறில், கருவில் லென்ஸுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாளம் பிறப்பதற்கு முன் மறைய வேண்டியது மறையாமல் தங்கிவிடுகிறது. பார்வை நரம்பின் முகப்பிலிருந்து லென்ஸின் முதுகு வரை ஒரு தண்டாக நிற்கும். லென்ஸின் பின்னால் வெண்சவ்வு கட்டி, சுற்றியுள்ள சிலியரி மடிப்புகளை நடுவே இழுத்து வைத்திருக்கும். பெரும்பாலும் ஒரே கண்ணில்தான் வரும், அந்தக் கண் சிறுத்தும் இருக்கும். இதைச் சாதாரணப் புரை என்று நினைத்துத் திறந்தால் என்ன ஆகும்? தண்டுக்குள் இரத்தம் ஓடிக்கொண்டிருந்தால், அறுத்ததும் கண் முழுக்க இரத்தம். முதலில் டயதெர்மியால் சுட்டுவிட்டுத்தான் வெட்ட வேண்டும். சவ்வைப் பிடித்து இழுத்தால் தண்டின் மறுமுனையில் விழித்திரை கூடாரம்போல் எழும்பிக் கிழியும். இழுக்கவே கூடாது, வெட்ட மட்டும்தான் வேண்டும். பெரியவர்களுக்கு நுழையும் பார்ஸ் பிளானா (விழித்திரைக்கு முன்னால் உள்ள பக்கவாட்டுப் பகுதி) வழியும் இங்கே ஆபத்து. கைக்குழந்தைக்கு அந்தப் பகுதி இன்னும் வளர்ந்திருக்காது, இந்த நோயில் விழித்திரை அதுவரை இழுபட்டு வந்திருக்கவும் கூடும். எனவே கருவிழியின் ஓரத்திலிருந்தே நுழைய வேண்டியிருக்கிறது. சவ்வை நீக்கி முடிக்கும்போது பின்பையில் (லென்ஸ் பையின் பின்சுவர்) பெரும்பகுதி போயிருக்கும், லென்ஸ் உட்கார இடம் இருக்காது. ஸ்டிக்கருக்காக அந்தக் கண்ணில் ஒரு லென்ஸைத் திணித்தால், அது சரிந்து, கண்மணியைச் சுற்றியுள்ள நிறத் திரையான ஐரிஸை உரசி, அழற்சியும் கண் அழுத்தமும் வரும். பிறகு அதை எடுக்க இன்னொரு மயக்க மருந்து, இன்னொரு அறுவை. அதுவும் ஓராண்டுக்குள் என்றால், உங்கள் இரண்டாவது விதிப்படி அதற்கும் பணம் இல்லை.

சிறுகண்ணோடு வரும் பிறவிப் புரைக்கு ருபெல்லா ஒரு காரணம். கர்ப்பத்தின் தொடக்கத்தில் தாய்க்கு வந்த ருபெல்லா குழந்தைக்குப் புரையைத் தருகிறது என்பதை 1941இல் சிட்னியைச் சேர்ந்த கண் மருத்துவர் நார்மன் கிரெக் எடுத்துக்காட்டினார். தட்டம்மை - ருபெல்லா தடுப்பூசி இயக்கம் 2017இல் தொடங்கியபோது முதல் கட்டத்திலேயே தமிழ்நாடு இருந்தது. அது இந்த நோயைத் தடுக்கும் வேலை. வந்துவிட்ட குழந்தைக்கு அறுவை மேசையில் என்ன தேவை? இதயத்தில் மூடாத நாளம் இருக்கக்கூடும் என்பதால் எக்கோ பார்க்காமல் மயக்கம் கொடுக்க முடியாது. லென்ஸுக்குள் வைரஸ் பல மாதம் உயிரோடு இருப்பதால், லென்ஸை எடுத்த பிறகு கண்ணில் கடுமையான அழற்சி வரும், ஸ்டீராய்டு சொட்டு மருந்து பல வாரம் தேவைப்படும். எக்கோவையும் குழந்தை மயக்க மருத்துவரையும் பெரியவர் பேக்கேஜின் தொகைக்குள் எப்படி அடக்குவது என்று நீங்களே சொல்லுங்கள்.

ஐரிஸ் இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் இன்னொரு வகை. இவர்களின் லென்ஸ் பை மெலிந்து நொய்ந்திருக்கும், திறக்கும்போதே ஓரம் வரை கிழியக்கூடும். கண்ணுக்குள் செயற்கைப் பொருள்கள் சேரச்சேர நார்ச்சவ்வு வளர்ந்து, வைத்த லென்ஸையே முன்னால் தள்ளிவிடும் நிலையும் உண்டு. இந்தக் குழந்தைகளில் 11ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு விடுபட்டவர்களுக்குச் சிறுநீரகத்தில் வில்ம்ஸ் கட்டி என்ற புற்றுநோய் வரும் ஆபத்து இருப்பதால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டும். கண் பேக்கேஜ் என்ற பெயரில் கண்ணை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

கொலொபோமா என்ற பிளவோடு பிறந்த கண்ணைப் பற்றிச் சுருக்கமாக: பிளவு இருக்கும் பக்கத்தில் லென்ஸைத் தாங்கும் நார்கள் இருக்காது. பைக்குள் ஒரு தாங்கு வளையம் வைத்தால்தான் லென்ஸ் நடுவில் நிற்கும். அந்த வளையத்துக்கும் உங்கள் பட்டியலில் விலை இல்லை.

லென்ஸ் இடம் பெயர்ந்த கண்களில்தான் உங்கள் விதிகள் அதிகம் தடுமாறுகின்றன. உடலின் இணைப்புத் திசுவைப் பலவீனமாக்கும் மார்ஃபான் நோயில் லென்ஸ் பெரும்பாலும் மேல்நோக்கி நகரும், இரத்தத்தில் ஹோமோசிஸ்டின் சேரும் ஹோமோசிஸ்டினூரியாவில் கீழ்நோக்கி. கண்ணில் இரண்டும் ஒரே பிரச்சினைபோலத் தெரியும். மயக்க மருத்துவருக்கு அப்படியல்ல. ஹோமோசிஸ்டினூரியா இருப்பது தெரியாமல், பட்டினி போட்டு, நீர்ச்சத்து குறைந்த நிலையில் மயக்கம் கொடுத்தால் இரத்தம் உறைந்து மூளையையோ நுரையீரலையோ அடைக்கலாம். இரத்தத்தில் ஹோமோசிஸ்டின் அளவு பார்க்கும் ஒரு சோதனை இதைக் காட்டிக்கொடுக்கும். முன் அனுமதி கொடுக்கும்போது அந்தச் சோதனையைக் கட்டாயமாகக் கேளுங்கள், அதற்கான பணத்தையும் கொடுங்கள். மார்ஃபானுக்கு இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியைப் பார்க்கும் எக்கோவும் அப்படியே.

அறுவை என்று முடிவான பின்னும் வழிகள் பல. லென்ஸை முழுவதும் எடுத்துவிட்டுத் தடித்த கண்ணாடி போடலாம். இரு கண்ணிலும் செய்த குழந்தைக்கு இது பழைய, நம்பகமான வழி. நார்கள் பாதியாவது இருந்தால், கொக்கி உள்ள வளையத்தைக் கண்ணின் வெள்ளைச் சுவரான ஸ்க்ளீராவோடு தைத்துப் பையைக் காப்பாற்றி உள்ளே லென்ஸ் வைக்கலாம். பை போய்விட்டால் லென்ஸையே ஸ்க்ளீராவில் நிறுத்த வேண்டும். இதற்கு நெடுங்காலம் பயன்பட்ட 10-0 பாலிப்ரொப்பிலின் நூல் சில ஆண்டுகளில் அறுந்துபோகிறது. எழுபது வயதுக்காரருக்கு அது பெரிய கவலையில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு இன்னும் பல பத்தாண்டு வாழ்க்கை இருக்கிறது. தடித்த நூலோ, நூலே இல்லாத முறையோ தேவைப்படுவது அதனால்தான். லென்ஸின் கால்களை ஸ்க்ளீராவுக்குள் செருகிப் பசையால் மூடும் முறையைச் சென்னையில்தான் அமர் அகர்வால் குழுவினர் 2008வாக்கில் உலகுக்கு அறிமுகம் செய்தார்கள். அதே மாநிலத்துப் பிள்ளைக்கு அந்தச் செலவு 'பட்டியலில் இல்லாத முறை' என்று மறுக்கப்படுகிறது.

லென்ஸ் வகைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரே துண்டாக வார்த்த மடக்கு லென்ஸ் பைக்குள் வைப்பதற்கானது. பைக்கு வெளியே, ஐரிஸுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் அதை வைத்தால் தடித்த கால்கள் ஐரிஸை உராய்ந்து நிறமியை உதிர்க்கும், அழற்சி, இரத்தக் கசிவு, கண் அழுத்தம் என்று வரிசையாக வரும். அங்கே மெல்லிய கால்கள் உள்ள மூன்று துண்டு லென்ஸ்தான் வேண்டும். திட்டத்தின் கீழ் வரும் பெட்டிகளில் ஒரே துண்டு லென்ஸ் மட்டுமே வருகிறது, பவரும் பெரியவர்களுக்கு வழக்கமாகப் போகும் 18க்கும் 24க்கும் இடையில்தான். கைக்குழந்தைக்கும் சிறுகண்ணுக்கும் 28, 30, அதற்கு மேலும் தேவைப்படும். அந்தப் பவர் கையில் இல்லாதபோது 'இருப்பதை' வைப்பது குழந்தையின் பார்வையை வைத்துச் செய்யும் சமரசம்.

கண்ணின் நீளத்தை அளப்பதில் நேரும் பிழையும் இங்கே பெரிதாகிவிடும். அல்ட்ராசவுண்ட் முனையைக் கருவிழியில் அழுத்தி அளந்தால் நீளம் சுமார் 0.3 மி.மீ. குறைந்து காட்டக்கூடும். 20 மி.மீ. கண்ணில் அந்தச் சிறு பிழையே ஒரு டயாப்டருக்கு மேல் தவறாக்கும். நீர்க்கிண்ணம் வைத்து, தொடாமல் அளக்க வேண்டும், குழந்தை மயக்கத்தில் இருக்கும்போதே அளக்க வேண்டும். அந்த நேரத்துக்கும் கருவிக்கும் பட்டியலில் ஒரு வரி இல்லை.

கண்ணின் உட்பகுதியை அல்ட்ராசவுண்டால் படம்பிடிக்கும் பி-ஸ்கேனுக்கும் இல்லை, அதுதான் எங்களை அதிகம் அச்சுறுத்துகிறது. குழந்தையின் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் அது புரையாக இருக்கலாம், விழித்திரையில் வளரும் ரெட்டினோபிளாஸ்டோமா புற்றுநோயாகவும் இருக்கலாம். பின்பகுதி தெரியாத கண்ணை ஸ்கேன் செய்யாமல் திறந்து, உள்ளே கட்டி இருந்தால், புற்றணுக்களைக் கண்ணுக்கு வெளியே பரப்பியவர்கள் நாமே ஆவோம்.

அடுத்து, 'திரும்பச் செய்த அறுவை' விதி. குழந்தையின் லென்ஸ் செல்கள் பெரியவர்களைவிட வேகமாகப் பெருகும். பின்பையை அப்படியே விட்டால் கைக்குழந்தையிடம் அது மறுபடி மறைத்துக்கொள்ளும் என்பது ஏறக்குறைய உறுதி. அதனால் முதல் அறுவையிலேயே பின்பையில் 4 மி.மீ. அளவுக்குத் துளையிட்டு, கண்ணை நிரப்பும் விட்ரியஸ் கூழின் முன்பகுதியையும் கட்டரால் அகற்றுகிறோம் (விட்ரெக்டமி). அப்படிச் செய்தும் சில குழந்தைகளுக்குச் சவ்வு மறுபடி வளர்கிறது. பெரியவர்களை உட்கார வைத்து லேசரில் இரண்டு நிமிடத்தில் முடிப்பதை, எட்டு மாதக் குழந்தைக்கு மயக்கம் கொடுத்துத்தான் செய்ய முடியும். தையலும் அதுபோலத்தான். பெரியவர்களின் சிறு வெட்டுக்குத் தையல் தேவையில்லை. குழந்தையின் ஸ்க்ளீரா மென்மையானது, பிள்ளை கண்ணைக் கசக்கவும் செய்யும், எனவே ஒவ்வொரு வெட்டையும் தைக்கிறோம். தானே கரையும் 10-0 நூல் இல்லாமல் நைலான் போட்டால், அதைப் பிரிக்க மறுபடி மயக்கம். லென்ஸ் வைக்காமல் விட்ட குழந்தைக்குக் கண் ஓரளவு வளர்ந்த பின் இரண்டாம் கட்டமாக லென்ஸ் வைப்பதும் உண்டு. இவை எதுவும் முதல் அறுவையின் தோல்வி அல்ல. தொடக்கத்திலேயே எதிர்பார்த்துத் திட்டமிடும் கட்டங்கள்.

இத்தனையும் செய்த பிறகும், பார்வையைத் தீர்மானிப்பது அறுவைக்குப் பிந்தைய ஆண்டுகள்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பவர் பார்த்துக் கண்ணாடி மாற்ற வேண்டும். ஒரு கண்ணில் மட்டும் புரை இருந்த குழந்தைக்கு நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டி மூட வேண்டும், இல்லாவிட்டால் மூளை அறுவை செய்த கண்ணைப் புறக்கணித்துவிடும். ஒரு கண்ணில் மட்டும் லென்ஸ் இல்லாதபோது தடித்த கண்ணாடி பயன்படாது. இரு கண்களின் பிம்பமும் கால்பங்குக்கு மேல் அளவு வேறுபடும், மூளையால் இணைக்க முடியாது. அங்கே காண்டாக்ட் லென்ஸ் ஒரு சொகுசு அல்ல. கண் அழுத்தத்தை வாழ்நாள் முழுக்கப் பார்க்க வேண்டும்.

நேரமும் நம் பக்கம் இல்லை. ஒரு கண்ணில் மட்டும் கெட்டியான பிறவிப் புரை என்றால் ஆறு வாரத்துக்குள், இரு கண்ணிலும் என்றால் எட்டு வார அளவில் செய்துவிட வேண்டும். நான்கு வாரத்துக்கு முன்பே செய்தால் கண் அழுத்த நோயின் ஆபத்து கூடுகிறது. இடையில் கிடைப்பது சில வாரங்கள்தான். அந்த வாரங்களில்தான் குழந்தையின் பெயர் குடும்ப அட்டையில் இல்லை, ஆதார் இல்லை என்று முன் அனுமதி நிற்கிறது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே. பட்டியலில் பிறவிக் கண்புரையும் இருக்கிறது. கண்டுபிடித்து அனுப்பும் வேலையை ஒரு திட்டம் செய்ய, வந்து சேர்ந்த குழந்தையை இன்னொரு திட்டம் வாசலில் காக்க வைக்கிறது.

எனவே நாங்கள் கேட்பவை இவை. குழந்தைக் கண்ணுக்கு ஸ்டிக்கரைக் கட்டாயச் சான்றாகக் கேட்பதை உடனே நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக அறுவையின் காணொளி, அறுவைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், கருவிழியின் அகலம், கண்ணின் நீளம், லென்ஸ் வைக்காததற்கான காரணம் எழுதிய அறுவைக் குறிப்பு ஆகியவற்றைக் கேளுங்கள். மோசடியைப் பிடிக்க இவை ஸ்டிக்கரைவிட வலுவானவை. லென்ஸ் வைக்காமல் புரை நீக்கிப் பின்பைத் துளையும் விட்ரெக்டமியும் செய்வது, பி.எஃப்.வி. அறுவை, தாங்கு வளையத்தோடு லென்ஸ் வைப்பது, ஸ்க்ளீராவில் லென்ஸ் நிறுத்துவது, இரண்டாம் கட்ட லென்ஸ், சவ்வு நீக்கம், மயக்கத்தில் கண் பரிசோதனை, பி-ஸ்கேன் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடும் தனித் தொகையும் கொடுங்கள். எக்கோ, ஹோமோசிஸ்டின் சோதனை, குழந்தை மயக்க மருத்துவர் ஆகிய செலவுகளை அவற்றோடு சேருங்கள். ஒரே கண்ணில் ஓராண்டுக்குள் இரண்டாம் அறுவை கூடாது என்ற விதியிலிருந்து பிறவிக் கோளாறுள்ள குழந்தைகளை விலக்குங்கள்.

முதல் ஆண்டில் நான்கு கண்ணாடிக்கும், அதன் பிறகு எட்டு வயது வரை ஆண்டுக்கு இரண்டுக்கும், ஒரு கண் மட்டும் பாதித்த குழந்தைக்குக் காண்டாக்ட் லென்ஸுக்கும் பணம் ஒதுக்குங்கள். கொள்முதலில் மூன்று துண்டு லென்ஸையும் 30 டயாப்டருக்கு மேற்பட்ட பவர்களையும் சேருங்கள். எல்லா மருத்துவமனையிலும் அடுக்கி வைக்கத் தேவையில்லை. மண்டலத்துக்கு ஓர் இடத்தில் வைத்து, கேட்ட மறுநாள் கிடைத்தால் போதும். பச்சிளங்குழந்தைக்குத் தாயின் அட்டையையும் பிரசவ மருத்துவமனையின் சீட்டையும் ஏற்று 48 மணி நேரத்துக்குள் முன் அனுமதி கொடுங்கள். கிளெய்மைப் பரிசீலிக்கும் குழுவில் குழந்தைக் கண் மருத்துவர் ஒருவரையாவது உட்கார வையுங்கள்.

ஸ்டிக்கர் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக இதுவரை நிறுத்தி வைத்திருக்கும் குழந்தைகளின் கோப்புகளை அந்தக் குழு முதல் வேலையாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குழந்தைக் கண் அறுவையில் பணிபுரியும் மருத்துவர்கள், மயக்க மருத்துவர்கள், கண் பரிசோதகர்கள்